போர்ட் திறக்க மறுக்கிறதா? ஆளைக் கூப்பிடும் முன் 38 குறிப்புகள்

வெளியூரில் இருக்கும்போது கடை கேமராவைப் போனில் பார்க்க, வீட்டு நாஸ் பெட்டியில் கிடக்கும் கல்யாணப் படங்களை மகள் வீட்டிலிருந்து எடுக்க என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருப்பீர்கள். அது வேலை செய்யாவிட்டால் உடனே ரூலை அழித்து அழித்து எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்! ரூல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாக்கெட்தான் வேறெங்கோ நின்றுபோயிருக்கும். எங்கே நின்றது என்று தெரிந்துவிட்டால் டெக்னீசியனுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம், புது ரூட்டர் செலவும் மிச்சம்.

1. முதலில் ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் பக்கத்து ஐ.பி. முகவரியைப் பாருங்கள். பிறகு 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று கூகுளில் தேடி, அங்கே வருவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் மேற்கொண்டு போகலாம். வேறு வேறு என்றால் உங்கள் ரூட்டருக்கு மேலே இன்னொரு பெட்டி நேட் (முகவரி மாற்றம்) செய்துகொண்டிருக்கிறது, ரூலைத் திருத்திப் பயனில்லை.

2. ஒப்பிடும்போது எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வந்தால் அது ஐ.பி.வி.6 முகவரி. அதைக் கண்டு குழம்ப வேண்டாம், நான்கு எண்களாக வரும் முகவரியைத்தான் ஒப்பிட வேண்டும்.

3. ரூட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சி.ஜி.நேட். அதாவது இன்டர்நெட் கம்பெனியே ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் இவை. சில கம்பெனிகள் 10 என்று தொடங்கும் எண்களையும் இதே வேலைக்குப் பயன்படுத்தும். இந்த நிலையில் வெளியிலிருந்து வரும் பாக்கெட் உங்கள் வீட்டு ரூட்டரை எட்டவே எட்டாது.

4. அதற்காக உடனே ஸ்டாடிக் ஐ.பி.க்கு வாடகை கட்டிவிடாதீர்கள். "மாறினாலும் பரவாயில்லை, பப்ளிக் ஐ.பி. போதும்" என்று கஸ்டமர் கேரில் கேட்டுப் பாருங்கள், தருவதாகச் சொன்னால், மாறும் முகவரியைத் தொடரும் இலவச டி.டி.என்.எஸ். பெயரே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

5. டி.டி.என்.எஸ். வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு முறையாவது அந்தப் பெயரைப் பிங் செய்து, வருகிற எண் ரூட்டரில் உள்ள எண்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில இலவசச் சேவைகள் அவ்வப்போது "இன்னும் வேண்டுமா?" என்று மெயில் அனுப்பும். அதை அழுத்த மறந்தால் பெயரே போய்விடும். நாமோ ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்போம்.

6. ரூட்டரின் இன்டர்நெட் பக்கத்திலேயே 192.168 என்று தொடங்கினால், ஃபைபர் மோடமும் ஒரு ரூட்டராக ஓடுகிறது, நீங்கள் வாங்கியதும் ஒரு ரூட்டராக ஓடுகிறது என்று அர்த்தம். வைஃபை நன்றாக எட்டத்தான் இரண்டாவது பெட்டியை வாங்கினீர்கள் என்றால் அதை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். பைசா செலவில்லை, ரூலையும் மோடம் ஒன்றில் போட்டால் போதும்.

7. உங்கள் ரூட்டர்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் இரண்டு பெட்டியிலும் ரூல் வேண்டும்: மோடம் உங்கள் ரூட்டருக்கு அனுப்பும், ரூட்டர் கேமராவின் டி.வி.ஆருக்கு அனுப்பும்.

8. இரண்டு பெட்டியும் 192.168.1 என்ற ஒரே வரிசையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் எந்தப் பாக்கெட் எங்கே போகும் என்று ரூட்டருக்கே தெரியாது. உள்ளே இருப்பதை 192.168.50 என்று மாற்றிவிடுங்கள். பின்னாளில் வி.பி.என். போடும்போதும் இது கைகொடுக்கும், போகிற வீட்டிலெல்லாம் 192.168.1 தானே இருக்கிறது!

9. கரண்ட் போய் வந்த பிறகு கேமரா தெரியவில்லையா? டி.வி.ஆருக்கு வேறு முகவரி கிடைத்திருக்கும், ரூலோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டி.எச்.சி.பி. பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் டி.வி.ஆரின் மேக் எண்ணைப் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

10. பழைய போனைக் கேமராவாக மாற்றியிருப்பவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்ட் 10 முதலும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும் வைஃபைக்கு உண்மையான மேக் எண்ணைக் காட்டாமல் மாற்று எண்ணைக் காட்டும் வழக்கம் உண்டு. ரிசர்வேஷன் போடும் முன் அந்த வைஃபையின் செட்டிங்கில் 'ரேண்டம்' என்பதை நிறுத்திவிடுங்கள்.

11. டி.வி.ஆரில் முகவரியைக் கையால் போட்டிருந்தால் 'கேட்வே' என்ற கட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். அது காலியாகவோ தப்பாகவோ இருந்தால் வீட்டுக்குள் எல்லாம் நன்றாகத் தெரியும், வெளியே மட்டும் தெரியாது. வந்த கேள்விக்குப் பதிலை எந்த வழியாக அனுப்புவது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாததுதான் காரணம். கேமரா புகார்களில் ஃபயர்வால்மேல் அநியாயமாகப் பழி விழுவது இந்த இடத்தில்தான்.

12. வெளியிலிருந்து சோதிக்க இன்னொரு ஊருக்குப் போக வேண்டாம். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள், அதுவே 'வெளியூர்'. லேப்டாப்பில் சோதிக்க வேண்டுமானால் அதே போனின் ஹாட்ஸ்பாட் போதும்.

13. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியை அடித்துப் பார்த்து "வரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரி வழியாக மறுபடி உள்ளே வருவதற்கு ஹேர்பின் நேட் என்று தனி வசதி வேண்டும். சில ரூட்டர்களில் அதன் பெயர் 'நேட் லூப்பேக்', பல மலிவு ரூட்டர்களில் அது கிடையாது.

14. ஹேர்பின் இல்லாத வீட்டில் உள்ளூர் டி.என்.எஸ்.-இல் அந்தப் பெயருக்கு நேராக 192.168 முகவரியைக் கொடுத்துவிடலாம். உள்ளே இருப்பவர்கள் நேராகப் போவார்கள், வெளியே இருப்பவர்கள் ரூட்டர் வழியாக வருவார்கள், பெயர் ஒன்றே.

15. லினக்ஸ், மைக்ரோடிக் வைத்திருப்பவர்கள் ஹேர்பினுக்கு வெறும் டி.நேட் மட்டும் போட்டால் போதாது, உள்ளிருந்து உள்ளே போவதற்கு ஒரு மாஸ்கரேட் ரூலும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாஸ் பெட்டி ரூட்டரை விட்டுவிட்டு லேப்டாப்புக்கு நேராகப் பதில் சொல்லும். லேப்டாப்போ "நான் கேட்டது இவரிடம் இல்லையே" என்று பதிலைத் தள்ளிவிடும்.

16. பிழைச் செய்தி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். சட்டென்று 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் பாக்கெட் ஏதோ ஒரு பெட்டியை எட்டி, அது மறுத்திருக்கிறது. பெரும்பாலும் அங்கே புரோகிராம் ஓடவில்லை. வெகுநேரம் சுற்றி 'டைம் அவுட்' வந்தால் வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள், அல்லது பதில் திரும்பும் வழி சரியில்லை.

17. பிங் வருகிறது என்பதால் போர்ட் திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை, பிங் வரவில்லை என்பதால் மூடியிருக்கிறது என்றும் அர்த்தமில்லை. விண்டோஸ் தன்னியல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. அந்தப் போர்ட்டையே நேராகத் தட்டிப் பாருங்கள்.

18. போர்ட் சோதிக்கும் இலவச வெப்சைட்டுகள் பெரும்பாலும் டி.சி.பி.யை மட்டும்தான் பார்க்கும். வயர்கார்டு வி.பி.என். (வழக்கமான போர்ட் 51820) யு.டி.பி.யில் ஓடுவது, அங்கே 'க்ளோஸ்டு' என்று வந்தால் கவலைப்படாதீர்கள்.

19. வெளியே போவதற்கு முன் உள்ளே பாருங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே 192.168 முகவரி, அதே போர்ட். இங்கேயே வராதது வெளியே எப்படி வரும்?

20. சர்வர் ஓடும் கம்ப்யூட்டரிலேயே திறக்கிறது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றால் நெட்ஸ்டாட் போட்டுப் பாருங்கள். 127.0.0.1 என்ற முகவரியில் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் புரோகிராம் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது; அதன் செட்டிங்கில் 0.0.0.0 என்றோ, அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த முகவரி என்றோ மாற்றுங்கள்.

21. விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் அதன் சொந்த ஃபயர்வால் கெடுபிடி காட்டும். 'பிரைவேட்' என்று மாற்றிப் பாருங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைப்பது சோம்பேறி வழி. சோதித்த பிறகு மறுபடி போட யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

22. ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'போர்ட் ஃபார்வர்டிங்', 'வெர்ச்சுவல் சர்வர்' இரண்டும் நமக்கு வேண்டியவை. 'போர்ட் டிரிகரிங்' வேறு, உள்ளிருந்து ஏதாவது கிளம்பினால்தான் அது திறக்கும். கேமராவுக்கு அது உதவாது.

23. டி.சி.பி.யா, யு.டி.பி.யா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் இரண்டையும் தேர்ந்து சோதியுங்கள். வேலை செய்ததும் எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

24. 25, 80, 445 போன்ற போர்ட்டுகளைச் சில இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் பக்கத்திலேயே அடைத்து வைத்திருக்கும். வெளியே 8443, உள்ளே 443 என்று ரூல் போட்டுப் பாருங்கள், வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டும் நேரம் மிச்சம்.

25. வெளியிலிருந்து திறந்தால் டி.வி.ஆருக்குப் பதிலாக ரூட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கிறதா? அந்தப் போர்ட்டில் ரூட்டரே உட்கார்ந்திருக்கிறது. 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்பதை உடனே நிறுத்துங்கள்; அது வெளியே தெரிவதே ஆபத்து.

26. சாதாரண வீட்டு ரூட்டர் நேட் ரூலையும் ஃபயர்வால் அனுமதியையும் சேர்த்தே போட்டுவிடும். லினக்ஸிலும் மைக்ரோடிக்கிலும் பிஎஃப்சென்ஸிலும் இவை இரண்டும் தனித்தனி. முகவரியை மாற்றுவது முதலில், அனுமதி பார்ப்பது அப்புறம். அபார்ட்மெண்டில் பார்சல்மேல் ஃபிளாட் எண்ணை ஒட்டிய பிறகுதான் வாட்ச்மேன் அதைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் தெருப் பெயரைச் சொல்லி அனுமதி எழுதி வைத்தால் வேலைக்கு ஆகாது. ஆகவே அனுமதி ரூலில் உள் முகவரியையும் உள் போர்ட்டையும் எழுதுங்கள், வெளி முகவரியையும் 8443-ஐயும் அல்ல. சிஸ்கோ ஏ.எஸ்.ஏ.வில் 8.3 பதிப்புக்கு முன் வெளி முகவரியை எழுத வேண்டியிருந்தது, அதற்குப் பின் உள் முகவரி. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

27. ரூல்களை மேலிருந்து கீழாகத்தான் படிப்பார்கள், முதலில் பொருந்துவதோடு கதை முடிந்தது. 'எல்லாவற்றையும் தடு' என்ற வரிக்குக் கீழே எத்தனை அனுமதி எழுதினாலும் அவை வெறும் அலங்காரம். புது ரூல் வழக்கமாகக் கடைசியில் போய்ச் சேரும், இழுத்து மேலே வையுங்கள்.

28. ரூலில் 'சோர்ஸ் போர்ட்' என்ற கட்டம் இருந்தால் அதை 'எனி' என்றே விட்டுவிடுங்கள். கூப்பிடுகிற போன் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எண்ணிலிருந்துதான் கிளம்பும், 443-லிருந்து அல்ல. அங்கே 443 என்று எழுதிவிட்டால் ரூல் பார்க்க அழகாக இருக்கும், யாருக்கும் பொருந்தாது.

29. போர்ட் 443-க்கு ரூல் போட்டதிலிருந்து வீட்டில் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் சர்டிஃபிகேட் எச்சரிக்கை வருகிறதா? டி.நேட் ரூலில் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்று சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அதனால் வீட்டிலிருந்து வெளியே போகிற 443 எல்லாவற்றையும் அது பிடித்து நாஸ் பெட்டிக்கு அனுப்புகிறது. 'இன் இன்டர்ஃபேஸ்' கட்டத்தில் இன்டர்நெட் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வெளி முகவரியை எழுதுங்கள்.

30. ரூலுக்குப் பக்கத்தில் ஓடும் ஹிட் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் பொன்னானது. வெளியிலிருந்து ஒரு முறை தட்டுங்கள். எண் கூடவில்லை என்றால் பாக்கெட் அந்த ரூல்வரை வரவில்லை, கூடியிருந்தால் கோளாறு அதற்குப் பின்னால். லினக்ஸின் நேட் பட்டியல் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டும்தான் எண்ணும், ஆகவே ஒரே ஒரு எண் கூடினாலும் சந்தோஷப்படலாம்.

31. இன்னும் புரியாவிட்டால், பாக்கெட்டுகளைப் படம்பிடிக்கும் டிசிபி டம்ப்பை இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள். இன்டர்நெட் பக்கமே எதுவும் வரவில்லை என்றால் கம்பெனியோ முகவரியோ காரணம். அங்கே வந்து உள் பக்கம் கிளம்பவில்லை என்றால் உங்கள் ரூல். உள்ளேயும் கிளம்பிப் பதில் மட்டும் வரவில்லை என்றால் சர்வர், அதன் ஃபயர்வால், அதன் கேட்வே. இந்த ஒரே சோதனையில் முக்கால்வாசி யூகங்கள் அடிபட்டுப் போகும். கடைசிக் கையிருப்பாக வைக்காமல் முதலிலேயே செய்யலாம்.

32. ரூலை மாற்றிய பிறகும் பழையபடியே நடக்கிறதா? ஏற்கெனவே உள்ள இணைப்புகளைக் கர்னல் ஞாபகம் வைத்திருக்கும். லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் டி.சி.பி. இணைப்பை, ஒன்றுமே பேசாவிட்டாலும் 5 நாள் வரை மறக்காது. கான்டிராக் பட்டியலிலிருந்து அந்த ஒன்றை அழியுங்கள், தெரியாவிட்டால் ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

33. சர்வர் பதிவேட்டில் வருகிற எல்லாரும் 192.168.1.1 என்றே தெரிந்தால் மாஸ்கரேட் ரூல் அகலமாகிவிட்டது, உள்ளே வருபவர்களின் முகவரியையும் அழிக்கிறது. தப்புப் பாஸ்வேர்டு போடுபவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வைத்திருந்தால் அது ரூட்டரையே தடை செய்து எல்லாரையும் வெளியே நிறுத்திவிடும். மாஸ்கரேட்டை இன்டர்நெட் பக்கம் வெளியேறுவதற்கு மட்டும் என்று சுருக்குங்கள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஐ.பி.செக் சுரங்கம் போட்டிருப்பவர்கள், கடை முகவரிக்குப் போவதற்கு 'நேட் வேண்டாம்' என்று ஒரு வரியை அதற்கு மேலே எழுதிவிடுங்கள்.

34. டாக்கர் ஓட்டுபவர்களுக்கு: யு.எஃப்.டபிள்யூ.வில் போர்ட்டை மூடியிருந்தாலும் டாக்கர் வெளியிட்ட போர்ட் திறந்தே இருக்கும். டாக்கர் தன் டி.நேட் ரூலைத் தானே எழுதிக்கொள்வதால் பாக்கெட் யு.எஃப்.டபிள்யூ. காவல் நிற்கும் வழியில் வருவதே இல்லை. வெளியே தேவைப்படாததை 127.0.0.1 என்று கட்டி வெளியிடுங்கள். ரீபூட்டுக்குப் பின் எல்லாம் மறைந்துபோனால் ரூலைச் சேமித்தீர்களா, ஐ.பி. ஃபார்வர்ட் நிரந்தரமாக 1 ஆனதா, இரண்டையும் பாருங்கள்.

35. இன்டர்நெட் போனில் மணி அடிக்கிறது, ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறது என்றால் ரூட்டரில் 'எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.' என்பதை நிறுத்திப் பாருங்கள். உதவி செய்வதற்கென்று வந்த வசதிதான், உபத்திரவம் செய்வதே அதிகம். சொந்தமாக ஆஸ்டரிஸ்க் வைத்திருந்தால் 5060 மட்டும் போதாது, குரல் வரும் 10000 முதல் 20000 வரையிலான யு.டி.பி. போர்ட்டுகளையும் அனுப்ப வேண்டும். இரண்டு எக்ஸ்பாக்ஸ் உள்ள வீடு என்றால் 3074-ஐ இரண்டுக்கும் கையால் அனுப்ப முடியாது; அந்த ஒரு காரியத்துக்கு யு.பி.என்.பி.யை அனுமதிக்கலாம்.

36. இணைப்பு கிடைக்கிறது, லாகின் பக்கம் வருகிறது, படம் திறக்கும்போது மட்டும் நின்றுவிடுகிறது என்றால் போர்ட்டை விட்டுவிட்டு எம்.டி.யு.வைப் பாருங்கள். பி.பி.பி.ஓ.ஈ. இணைப்பில் 8 பைட் கழிந்து 1500 என்பது 1492 ஆகிவிடும். எம்.எஸ்.எஸ். கிளாம்ப் என்பதைப் போட்டு 1452 என்று வைத்தால் தீரும்.

37. டி.எம்.இசட். என்ற வசதி எல்லாப் போர்ட்டையும் ஒரே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். ரூலில் தப்பா, வேறெங்காவது தப்பா என்று பிரித்தறிய இரண்டு நிமிடம் போட்டு எடுக்கலாம், அதற்குமேல் வேண்டாம். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டான 3389-ஐ எக்காரணம் கொண்டும் வெளியே விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. வயர்கார்டுக்கு ஒரே ஒரு யு.டி.பி. போர்ட்டைத் திறந்து மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாகப் பார்ப்பது பாதுகாப்பு, ரூலும் ஒன்றோடு நின்றுவிடும். சி.ஜி.நேட்டில் மாட்டியவர்கள் ஐ.பி.வி.6 இருக்கிறதா என்று பாருங்கள்: அங்கே நேட்டே தேவையில்லை, அந்தப் பெட்டியின் முகவரிக்கு ஓர் அனுமதி ரூல் போதும்.

38. தூரத்தில் இருக்கும் ரூட்டரில் கை வைக்கும் முன் செட்டிங்கை பேக்கப் எடுங்கள், 10 நிமிடத்தில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படியும் செய்யுங்கள். மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' இருக்கிறது, ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இருக்கிறது, சிஸ்கோவில் சேமிக்காமல் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு ரூலுக்கும் 'கடை கேமரா', 'மகள் வீட்டு போட்டோ' என்று குறிப்பு எழுதி அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். இன்டர்நெட் கம்பெனி ஆள் மோடத்தை மாற்றிவிட்டுப் போனால் எல்லா ரூலும் அதோடு போய்விடும். படம் கையில் இருந்தால் காபி ஆறுவதற்குள் திரும்பப் போட்டுவிடலாம்.